மேடையா, வட்டமா? ஃப்ரீலான்சர்களின் மாநாட்டுக் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தொழில் மாநாடு ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். பிரபலம் ஒருவர் பெரிய அரங்கில் பேசும் அதே நேரத்தில், பக்கத்து அறையில் மொழிபெயர்ப்பாளர்கள் மட்டும் கூடிப் பேசும் சிறு அமர்வும் இருக்கிறது. எதற்குப் போகலாம்?
– மொழிபெயர்ப்பாளர், கோவை

பதில்: பக்கத்து அறைக்கே போங்கள். அரங்கம் நிறைந்த கூட்டத்துக்குப் பேசுகிறவர் எல்லோருக்கும் பொருந்துவதைத்தான் சொல்ல முடியும். சொல்லுக்கு எவ்வளவு, அவசர வேலைக்கு எவ்வளவு கூடுதல், மெய்ப்புப் பார்ப்பது அதில் சேர்த்தியா என்பதெல்லாம் அதே வேலை செய்கிற ஏழெட்டுப் பேர் நடுவில்தான் வெளியே வரும்.

ஆனால், வெறுங்கையோடு போகாதீர்கள். ‘நல்ல வாடிக்கையாளர் கிடைக்க என்ன வழி?’ என்று கேட்டால் மேடையில் கிடைக்கும் பதிலே இங்கும் கிடைக்கும். ‘ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போது சொல் எண்ணிக்கை குறைகிறது, மூலத்தின் சொற்களுக்குத்தான் பணம் என்று ஏஜென்சியிடம் எப்படிப் பேசி வாங்குகிறீர்கள்?’ என்று கேளுங்கள். கடைசியாகக் கொடுத்த கொட்டேஷனையும், தகராறு வந்த ஒப்பந்தப் பத்தியையும் வாடிக்கையாளர் பெயரை அடித்துவிட்டு அச்செடுத்துப் போங்கள். தாள் கைக்கு வந்ததும் பொதுப்பேச்சு நின்று, வரிவரியாக அலச ஆரம்பித்துவிடுவார்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட அமர்வுகளில் ரேட் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் மழுப்புகிறார்கள். வாயைத் திறக்க வைக்க வழி உண்டா?
– புத்தக வடிவமைப்பாளர், மதுரை

பதில்: உண்டு. ‘நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள்?’ என்பது வருமானத்தைக் கேட்பதுபோல் ஒலிக்கும். அதற்குப் பதிலாக ஒரே கற்பனை வேலையை எல்லோர் முன்பும் வையுங்கள்: ‘160 பக்கத் தமிழ்க் கட்டுரை நூல், 10 படங்கள், இரண்டு முறை கரெக்‌ஷன், அச்சுக்குத் தயாரான பி.டி.எஃப்.; மூன்று வாரம்.’ ஆளுக்கொரு அட்டை கொடுத்து, இதற்கு என்ன கேட்பார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். எல்லா அட்டைகளையும் ஒரே நேரத்தில் திருப்புங்கள். யாராவது முதலில் வாய்விட்டு ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையொட்டியே தங்கள் எண்ணை மாற்றிக்கொள்வார்கள். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

தொகைகள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் நிற்கும். ஏன் என்று கேட்பதுதான் அமர்வின் உயிர். ஒருவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை, இப்போது பொதுவாகப் பயன்படும் யூனிகோடு முறைக்கு மாற்றும் வேலையையும் கணக்கில் சேர்த்திருப்பார். ‘ஔ’ என்பது ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாக உடைந்து வருவது போன்ற பிழைகளைப் பக்கம் பக்கமாகத் திருத்தும் நேரம் அதில் இருக்கும். இன்னொருவர் அதற்குப் பணம் கேட்டே இருக்க மாட்டார். இத்தனை நாளும் அந்த வேலையைச் சும்மா செய்து கொடுத்திருப்பார். மூன்றாமவர் மூன்றாவது கரெக்‌ஷன் தொடங்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் இவ்வளவு என்று கொட்டேஷனிலேயே எழுதுகிறவராக இருப்பார். அந்த வரியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அவரவர் எப்படிக் கணக்குப் போடுகிறார் என்று பேசலாம். ‘இனி யாரும் இதற்குக் கீழே வாங்கக் கூடாது’ என்று சேர்ந்து முடிவெடுக்கக் கூடாது. ஒரே தொழில் செய்வோர் கூடி விலை நிர்ணயிப்பது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது.

கேள்வி: ஒரு மணி நேர அமர்வை நடத்தித் தரச் சொல்லியிருக்கிறார்கள். 14 பேர் வருவார்கள். எப்படி நடத்துவது?
– கூட்ட ஏற்பாட்டாளர், சேலம்

பதில்: முதலில் இரண்டு வட்டமாகப் பிரியுங்கள். பத்துப் பேரைத் தாண்டினால் மூன்று பேர் பேச, மீதிப் பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மேசையும் திரையும் வேண்டாம், நாற்காலிகள் போதும்.

ஆளுக்கொரு சீட்டில் ஒரு கேள்வி எழுதி ஒட்டச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி நான்கைத் தேர்ந்தெடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம். ஒவ்வொரு கேள்விக்கும் 12 நிமிடம்: கேட்டவர் இரண்டு நிமிடம் விளக்குவார், மூன்று நிமிடம் மற்றவர்கள் விவரம் மட்டும் கேட்பார்கள், ஆறு நிமிடம் யோசனைகள், கடைசி ஒரு நிமிடம், தான் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று கேட்டவரே சொல்வார். மிச்சமிருக்கும் ஏழு நிமிடம் தொடர்பு எண்களுக்கு.

விவரம் கேட்கும் அந்த மூன்று நிமிடத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘பணம் வரவில்லை’ என்று ஒருவர் சொன்னதுமே வக்கீல் நோட்டீஸ் வரை யோசனை பறக்கும். ‘பில்லை யாருக்கு அனுப்பினீர்கள்? ஆர்டர் எண் போட்டீர்களா?’ என்று கேட்டால், அது கணக்குப் பிரிவுக்கே போய்ச் சேரவில்லை என்பது தெரியவரும்.

வட்டத்துக்கு ஒருவர் என நேரம் பார்க்க வேறு ஆள் போடுங்கள். நடத்துகிறவரே கடிகாரத்தையும் பார்த்தால் இரண்டும் கெடும். கேட்டதை வெளியே பயன்படுத்தலாம், சொன்னவர் பெயரை வெளியிடக் கூடாது என்ற விதியைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற சர்வதேச விவகார ஆய்வு நிறுவனம் 1927இல் வகுத்த விதி இது. மென்பொருளோ காப்பீடோ விற்க வந்தவர் இருந்தால், தன் பொருளைப் பற்றி யாராவது கேட்டாலொழிய அவர் பேசக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நடுவில் நிறுத்தினால் மனஸ்தாபம்தான் வரும்.

கேள்வி: 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருப்பதாக வட்டத்தில் ஒருவர் சொன்னார். அது கம்பெனிகளுக்குத்தான் என்றார் இன்னொருவர். எது சரி?
– இணையதள வடிவமைப்பாளர், திருச்சி

பதில்: முதலாமவர் சொன்னது சரி, ஆனால் முழுதாகச் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் தனிநபராகச் சேவை தருவோருக்கும் பொருந்தும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால், வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாள். இல்லாவிட்டால் 15 நாள். வேலையைப் பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஆகவே, இறுதிக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பித் தேதியைப் பதிவாக்குங்கள். உத்யம் என்பது இத்தகைய தொழில்களுக்கான அரசுப் பதிவு, அது இலவசம்; வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிந்து, அந்த எண்ணைப் பில்லில் போடுங்கள். உங்கள் ஒப்பந்தத்துக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்பதை ஆடிட்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.