நிஹாவின் கோயில்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: லெபனானில் நிஹா என்ற மலைச்சரிவுக் கிராமத்தில் ரோமானியர் காலக் கோயில்களின் இடிபாடுகள் உள்ளன என்று படித்தேன். பால்பெக் போன்ற பெருந்தலம் அருகிலேயே இருக்கும்போது, ஒரு சிற்றூரில் ரோமானியர்கள் ஏன் கோயில் எழுப்பினார்கள்?

பதில்: ரோமிலிருந்து வந்தவர்கள் தங்கள் தெய்வங்களுக்காக எழுப்பிய கோயில்கள் என்று இவற்றை எண்ணிக்கொண்டால் விடை கிடைக்காது. லெபனான் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், ஸாஹ்லே நகருக்கு வடகிழக்கே, பெக்கா சமவெளியைப் பார்த்தபடி அமைந்திருக்கும் நிஹாவில் வழிபடப்பட்டவர்கள் ஹதரானெஸ் என்ற உள்ளூர்க் கடவுளும், அதர்காதிஸ் என்ற சிரிய தேவியும் ஆவர். இங்கே கிடைத்த இலத்தீன் கல்வெட்டு ஒன்று அந்தத் தேவியை ஊர்ப் பெயரோடு சேர்த்து 'நிஹாவின் சிரிய தேவி' என்ற பொருளில் குறிப்பிடுகிறது. காணிக்கை அளித்தவர்களாகப் 'பாகுஸ் அவுகுஸ்துஸ்' என்ற ஊர்ச் சமூகத்தைச் சொல்கிறது. ஆகவே கட்டடக் கலை ரோமானியருடையது. தெய்வமும் வழிபாடும் அந்த மண்ணுக்குரியவை.

மலையோரக் கிராமத்துக்கு இலத்தீன் எப்படி வந்தது என்ற கேள்வி அடுத்து எழும். கி.மு. 15ஆம் ஆண்டையொட்டி ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா, இரண்டு படைப்பிரிவுகளைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வீரர்களைப் பெய்ரூத்தில் குடியேற்றி, பெக்காவின் பெரும்பகுதியையும் அந்தக் குடியேற்ற நகரத்தின் எல்லையில் சேர்த்தார் என்று புவியியலாளர் ஸ்த்ராபோ எழுதுகிறார். அந்த நிலப்பரப்பில் இலத்தீன் வேரூன்றியதற்கு இதுவே காரணம்.

கல்வெட்டுகளில் என் மனத்தை விட்டு அகலாதது ஹொக்மேயா என்ற பெண்ணுடையது. ஹதரானெஸ் கடவுளுக்குத் தன்னை ஒப்படைத்துக்கொண்ட கன்னியான அவள், அந்தக் கடவுளின் கட்டளைப்படி இருபது ஆண்டுகள் ரொட்டி உண்ணாமல் இருந்து, தன் நேர்த்திக்கடனை மனமுவந்து நிறைவேற்றினாள் என்பது அதன் செய்தி. ரொட்டியை விட்டவள் வேறு எதை உண்டாள் என்பதைக் கல் சொல்லவில்லை. பேரரசர்களின் பட்டப்பெயர்களை அடுக்கும் நூறு கல்வெட்டுகளைவிட, ஒரு கிராமத்துப் பெண்ணின் விரதத்தைச் சொல்லும் இந்தச் சில வரிகள் அக்காலத்துச் சமய வாழ்வை நமக்கு அதிகம் நெருங்கக் காட்டுகின்றன.

கேள்வி: கட்டட அமைப்பிலும் உள்ளூர்த் தன்மை தெரிகிறதா?

பதில்: உள்ளே நுழைந்தால் தெரியும். உயர்ந்த அடித்தளம், முகப்புத் தூண்கள், கொரிந்தியப் போதிகைகள் (இலை வடிவச் செதுக்கல் கொண்ட தூண் தலைப்புகள்) ஆகிய புறத்தோற்றங்கள் ரோமானிய மரபைச் சேர்ந்தவை. ஆனால் பெரிய கோயிலின் பின்பகுதியில், படிகள் ஏறிச் செல்லும்படி, கருவறை தனி மேடையாக உயர்த்தப்பட்டிருக்கிறது. கூடத்தின் கோடியில் சிலையை நிறுத்திவிடும் வழக்கமான ரோமானியக் கோயிலில் இது காணப்படுவதில்லை; சிரியா, லெபனான் பகுதிக் கோயில்களுக்கே உரிய அடையாளம் இது. கிராமத்தில் இரண்டு கோயில்களும், அதற்கு மேலே ஹொஸ்ன் நிஹா என்ற இடத்தில் வேறு இரண்டும் உள்ளன. 'ஹொஸ்ன்' என்றால் அரபு மொழியில் கோட்டை என்று பொருள்.

கேள்வி: இன்று நாம் காண்பது பழைய கட்டடம்தானா?

பதில்: முழுவதும் அல்ல. ஜெர்மானிய ஆய்வாளர்கள் கிரெங்கரும் ட்ஸீட்ஷ்மானும் லெபனான், சிரியா பகுதிகளின் ரோமானியக் கோயில்களை அளந்து வரைந்த படங்கள் 1938இல் நூலாக வெளிவந்தன. அதன் பின்னரே சரிந்து கிடந்த கற்களை எடுத்து அடுக்கி, பெரிய கோயில் மறுபடி நிறுத்தப்பட்டது. சரிந்தபடியே விட்டிருக்கலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உயர்ந்த கருவறையின் அமைப்பு, சுவர்கள் எழுந்து நிற்பதால்தான் சாதாரணப் பார்வையாளருக்கும் விளங்குகிறது.

பயணம் செல்ல எண்ணும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: லெபனானில் நிஹா என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உள்ளன. ஷூஃப் மலைப்பகுதியில் உள்ள நிஹா, பாறையில் குடைந்த குகைக் கோட்டைக்குப் பெயர் பெற்றது. வண்டி பேசும்போது 'ஸாஹ்லே பக்கத்து நிஹா' என்று தெளிவாகச் சொல்லுங்கள்.