பேச்சுப் போட்டியிலும் கட்டுரையிலும் கருத்துக்கு ஆதாரம் சேர்ப்பது எப்படி?

நீங்கள் பள்ளி மாணவராகவோ, பிள்ளையைப் போட்டிக்குத் தயார்படுத்தும் பெற்றோராகவோ இருப்பீர்கள் என்று நினைத்துப் பதில் சொல்கிறேன். கருத்தை முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோதான எண்ணைத் தேடி அலையாதீர்கள். ஆதாரத்தைப் பார்த்த பிறகு கருத்தையே மாற்ற வேண்டி வரலாம்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகளுக்குப் பெண் கல்வி என்று தலைப்பு கொடுத்தார்கள். அவள் எழுதி வைத்திருந்ததில் பாதி கவிதை வரிகள், மீதி 'அப்துல் கலாம் சொன்னார்' என்று வாட்ஸ்அப்பில் வந்தவை. அவர் எங்கே, எப்போது சொன்னார் என்று கேட்டால் பதில் இல்லை. நடுவில் ஒரு வாக்கியம்: 'இன்றும் பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுக்கிறோம்.' இதற்கு என்ன ஆதாரம் என்றேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தேடி எடுத்தாள். தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்ற ஆண்கள் 86.77 சதவீதம், பெண்கள் 73.44.

பார்த்தால் வலுவான ஆதாரம்தான். ஆனால் அந்தக் கணக்கு ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லோரையும் சேர்த்தது. எழுபது வயதுப் பாட்டியும் அதில் உண்டு. இன்றைக்குப் பள்ளிக்குப் போகிற வயதுப் பெண்களைப் பற்றி அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

"அப்போ இதை எடுத்துடட்டுமா அத்தை?" என்றாள். எண் இருக்கட்டும், வாக்கியத்தை மாற்று என்றேன்.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம். அதே கணக்கெடுப்பில் கன்னியாகுமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம், எங்கள் மாவட்டத்தில் 68.54. என் அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. அண்ணன் மகள் தன் பாட்டியான அவரோடு உட்கார்ந்து ஏன் போகவில்லை என்று கேட்டாள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும், அவ்வளவுதான் காரணம். கடைசியில் அவள் பேச்சு, பாட்டிகள் தலைமுறைக்குக் கிடைக்காமல் போன படிப்பைப் பற்றியதாக மாறியது. முதலில் எண், அப்புறம் அது யாரையெல்லாம் சேர்த்த எண் என்று ஒரு வரி விளக்கம், பிறகு பாட்டி. ஒரு பாட்டியின் கதையை மட்டும் வைத்து மாநிலத்தைப் பற்றிப் பேச முடியாது என்பதால்தான் எண்ணை முன்னால் வைத்தோம்.

மேடையில் 'நூறு பெண்களில் 73 பேர்' என்றால் போதும், தசமப் புள்ளி காதில் நிற்காது. கட்டுரையில் முழு எண்ணையும், எந்த ஆண்டு, யார் எடுத்த கணக்கு என்பதையும் அந்த வாக்கியத்திலேயே எழுதிவிடுங்கள். 2011 பழைய கணக்கு என்று சிலர் கிளம்பி வருவார்கள். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் அதைத்தான் எடுத்தோம். ஆண்டைச் சொல்லிவிட்டால் அதில் ஒளிவுமறைவு கிடையாது. கவிதையே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. எனக்கும் கவிதை பிடிக்கும். உணர்ச்சிக்கு அது வேண்டும், ஆனால் 'இது உண்மையா?' என்று கேட்பவருக்குக் கவிதை பதில் ஆகாது.

அவளுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. 'புள்ளிவிவரம் அதிகம், முழக்கம் போதாது' என்றார் ஒரு நடுவர். மொத்தப் பேச்சிலும் இருந்தது மூன்று எண்கள்! முதல் பரிசு வாங்கிய பேச்சில் ஒரு தகவல்கூட இல்லை. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை, நன்றாகப் பேசினான், அவனுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிறப்பு விருந்தினர் வரத் தாமதம் என்று காலையிலிருந்து அத்தனை பிள்ளைகளையும் பந்தலில் காக்க வைத்தார்கள். அவர் வந்து சால்வை, பூங்கொத்து, நீண்ட வாழ்த்துரை எல்லாம் முடிந்ததும், நேரமில்லை என்று பிள்ளைகளின் ஐந்து நிமிடத்தை மூன்றாகக் குறைத்தார்கள். பாட்டியைப் பற்றிய பகுதியை அவள் பாதியில் விட்டுவிட்டு இறங்க வேண்டியதாயிற்று. போட்டி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் பிள்ளைகளைப் பேச விடுங்கள், விருந்தினர் எப்போது வேண்டுமானாலும் வந்து பரிசு கொடுக்கட்டும்.