சட்டம் இருக்கிறது, பணம் எங்கே?

போன இதழில் அமெரிக்கப் பொது நிலங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒருவர் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

2025 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் மகன் வீட்டில் இருந்தேன். ஒரு தேசியப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வாசலில் டிக்கெட் கொடுக்க ஆளே இல்லை. உள்ளே தகவல் மையம் பூட்டிக் கிடந்தது. பேத்தி இணையத்திலிருந்து அச்சடித்த ஜூனியர் ரேஞ்சர் (பூங்காக்கள் குழந்தைகளுக்குத் தரும் பயிற்சி) புத்தகத்தை ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடித்து வைத்திருந்தாள். பேட்ஜ் குத்திவிட யாரும் இல்லை என்று ஒரே அழுகை. அவ்வளவு பெரிய பணக்கார நாட்டில் பூங்காவுக்கு ஆள் போடப் பணம் இல்லையா?
– ஒரு பாட்டி, ஈரோடு

பணம் இருந்தது அம்மா. அதைத் தொட அனுமதிதான் இல்லை. காங்கிரஸ் (அதுதான் அவர்களுடைய நாடாளுமன்றம்) சட்டம் போட்டு ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு டாலர்கூட வெளியே போகக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பு சொல்கிறது. நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்குள் நிதி ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறாவிட்டால் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தரும் வேலைகளைத் தவிர மற்றதை நிறுத்தியாக வேண்டும். நம் ஊரில் நிதி மசோதா தோற்றால் ஆட்சி கவிழும். அங்கே யாரும் கவிழ்வதில்லை, அலுவலகக் கதவுதான் மூடுகிறது.

முன்பெல்லாம் இவ்வளவு கடுமை இல்லை. மசோதா கொஞ்சம் தாமதமானால் அலுவலகங்கள் சிக்கனமாக ஓடிக்கொண்டே இருக்கும். 1980-ல் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி, ஒதுக்காத பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்ற பழைய சட்டத்தை அப்படியே படித்தால் வேலையை நிறுத்தத்தான் வேண்டும் என்று கருத்துரை எழுதினார். இன்று நாம் பார்க்கும் ஷட்டவுன் அதிலிருந்து வந்தது.

நீங்கள் மாட்டிக்கொண்டது 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாள் நீடித்தது. அதுவரை நடந்தவற்றில் இதுதான் மிக நீளம். 2013-ல் பூங்காக்களை ஒரேயடியாக மூடினார்கள். அரிசோனா, யூட்டா போன்ற மாநிலங்கள் தங்கள் கைக்காசைக் கொடுத்து கிராண்ட் கேன்யன் முதலியவற்றைத் திறக்க வைத்தன. 2018 டிசம்பரில் தொடங்கிய 35 நாள் முடக்கத்தில் வேறு வழி பிடித்தார்கள். ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு கேட்டை மட்டும் திறந்து வைத்தார்கள். எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. ஜோஷுவா ட்ரீ பூங்காவில் கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன, பாலைவன மண்ணில் வண்டி ஓட்டிப் புதுத் தடம் போட்டார்கள், சில ஜோஷுவா மரங்களை வெட்டியும் போட்டார்கள். வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே வளரும் மரம் அது. உள்ளூர்க்காரர்கள் சொந்தச் செலவில் டாய்லெட் பேப்பர் வாங்கி வந்து சுத்தம் செய்தார்கள்.

வாசலில் ஆள் இல்லாததால் உங்களுக்கு மிச்சமான நுழைவுக் கட்டணம் பூங்காவுக்கு நஷ்டம். வசூலாகும் கட்டணத்தில் பெரும்பங்கு அந்தந்தப் பூங்காவிலேயே தங்கி, நடைபாதையும் கழிப்பறையும் பராமரிக்கப் போகிறது.

பேத்தியிடம் சொல்லுங்கள்: முடித்த புத்தகத்தைத் தபாலில் அனுப்பினால் பல பூங்காக்கள் பேட்ஜை வீட்டுக்கே அனுப்பிவைக்கும். அந்தப் பூங்காவின் இணையப் பக்கத்தில் முகவரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பொது நிலம் என்கிறீர்களே, அது நம் ஊர்ப் புறம்போக்கு மாதிரியா?
– ஆர். வி., மதுரை

மேய்ச்சல் நடக்கிற வரையில் அப்படித்தான். அளவில்தான் வேறுபாடு. ஃபெடரல் (மத்திய) அரசின் கையில் சுமார் 64 கோடி ஏக்கர் இருக்கிறது. நாட்டின் நிலத்தில் கால் பங்குக்கும் மேல், ஏறக்குறைய 20 தமிழ்நாடு. நான் வசிக்கும் நெவாடாவில் 80 சதவீத நிலம் ஃபெடரல் நிலம். கிழக்கே கனெக்டிகட்டில் 1 சதவீதம்கூட இல்லை. அதனால்தான் பொது நிலச் சண்டை எப்போதும் மேற்கு மாநிலங்களின் சண்டையாகவே நடக்கிறது.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு முள்கம்பி வேலி. அதில் ஒரு கேட், பூட்டு கிடையாது, கம்பி வளையத்தைத் தூக்கி மாட்ட வேண்டும். திறந்திருந்தால் திறந்தபடி விட வேண்டும், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும். அதற்கு அப்பால் நில மேலாண்மைத் துறையின் நிலம். நானும் நடக்கலாம், வேட்டைக்காரரும் போகலாம், பண்ணைக்காரர் அனுமதி வாங்கி மாடு மேய்க்கலாம். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை கட்டணம் 1 டாலர் 35 சென்ட். தனியார் புல்வெளியில் இதைவிடப் பல மடங்கு கேட்பார்கள். இது ரொம்பக் குறைவு என்பதுதான் என் கருத்தும்.

அழியும் உயிரினங்கள் பாதுகாப்புச் சட்டம் அமெரிக்காவின் மிக வலுவான சட்டங்களில் ஒன்று என்று வகுப்பில் படித்தோம். உச்ச நீதிமன்றமே தூக்கிப் பிடித்த சட்டத்தைக் காங்கிரஸால் எப்படித் தாண்ட முடிகிறது?
– சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

டெல்லிகோ அணை வழக்கைத்தான் நீங்கள் படித்திருப்பீர்கள். பாடத்தில் பெரும்பாலும் தீர்ப்போடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு அப்புறம் நடந்ததுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

லிட்டில் டென்னசி ஆற்றில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1967-ல் அணை கட்டத் தொடங்கியது. 1973-ல் டேவிட் எட்னியர் என்ற விலங்கியல் பேராசிரியர் அந்த ஆற்றில் மூன்று அங்குல மீன் ஒன்றைக் கண்டார். கூழாங்கல் படுகையில், வேகமாக ஓடும் சுத்தமான தண்ணீரில் நத்தை தின்று வாழும் ஸ்னெயில் டார்ட்டர். அந்த வருடம் டிசம்பர் கடைசியில் நிக்சன் உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஹிராம் ஹில் என்ற சட்ட மாணவர் வகுப்புக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த மீன் கிடைத்தது. கட்டுரை வழக்கானது. ஆம், உங்களைப் போல ஒரு மாணவர்தான்.

1978 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று மீனின் பக்கம் நின்றது. அணை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, 10 கோடி டாலருக்கு மேல் செலவாகிவிட்டது என்ற வாதம் எடுபடவில்லை. இந்தத் தீர்ப்பில் நிதி பற்றிய பகுதியை மறுபடி படியுங்கள். காங்கிரஸ் வருடா வருடம் அணைக்குப் பணம் கொடுத்துக்கொண்டே வந்ததே, அப்படியானால் சட்டத்திலிருந்து அணைக்கு விலக்குக் கொடுத்ததாகத்தானே அர்த்தம் என்று ஆணையம் கேட்டது. இல்லை, பணம் ஒதுக்கியதாலேயே ஒரு சட்டம் ரத்தாகிவிடாது என்றது நீதிமன்றம்.

காங்கிரஸ் உடனே ஒரு உயர்மட்டக் குழுவை அமைத்தது. விலக்குத் தர அதிகாரம் உள்ள ஏழு பேர் குழு. அது 1979 ஜனவரியில் டெல்லிகோ கணக்கைப் பார்த்துவிட்டு, மீனை விடுங்கள், மீதி வேலையை முடிக்க ஆகும் செலவுக்கே இந்த அணை கட்டுப்படியாகாது என்று ஒருமனதாக விலக்கை மறுத்தது. நீதிமன்றமும் மறுத்தாயிற்று, குழுவும் மறுத்தாயிற்று.

அப்புறம் வந்தது எரிசக்தி, நீர்வளத் துறைகளுக்கான வருடாந்திர நிதி ஒதுக்கீட்டு மசோதா. அதில் டென்னசி உறுப்பினர் ஒருவர் ஒரு திருத்தத்தைச் செருகினார்: வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும் டெல்லிகோ அணையை முடிக்கலாம். சபையில் சிலரே இருந்த நேரம். முழுதாக வாசிக்கக்கூட இல்லை, ஒரு நிமிடத்துக்குள் நிறைவேறிவிட்டது. நாட்டின் நீர்த் திட்டங்கள் அத்தனைக்குமான பணம் அந்த மசோதாவில் இருந்தது. செப்டம்பரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டார், நவம்பரில் மதகு இறங்கியது.

நீதிமன்றம் கேட்டது வெளிப்படையான ஒரு வாக்கியம். அதைக் காங்கிரஸ் எழுதிக் கொடுத்துவிட்டது. சட்டப்படி அதில் தவறு கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பொது விவாதம் நடத்தி, பெருவாரியாக வாக்களித்து நிறைவேற்றிய ஒரு சட்டத்தை, யாரும் கவனிக்காத நேரத்தில் பண மசோதாவின் இடுக்கில் வைத்துத் துளைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மீன் எப்படியோ பிழைத்தது. வேறு ஆற்றில் கொண்டுபோய் விட்டார்கள், பிற்பாடு வேறு இடங்களிலும் கிடைத்தது, 2022-ல் பாதுகாப்புப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அணைக்காக எடுத்த விவசாயிகளின் நிலம் திரும்பவில்லை. செரோக்கி மக்களின் பழைய ஊரான தனாசியும் தண்ணீருக்குள் போயிற்று. டென்னசி மாநிலத்துக்குப் பெயர் கொடுத்த ஊர் அது.

2011-லும் இதே வழிதான். மொன்டானா, ஐடஹோ பகுதிகளின் சாம்பல் ஓநாய்களைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கிய வாக்கியம், ராணுவத்துக்கும் மற்றத் துறைகளுக்கும் பணம் ஒதுக்கிய பெரிய மசோதாவில் இருந்தது. நிபுணர் துறையைத் தாண்டி ஓர் உயிரினத்தைக் காங்கிரஸே நேரடியாக நீக்கியது அதுதான் முதல் முறை.

நிதி மசோதாவில் வேறு விஷயத்தை ஒட்டும் இந்த வேலை எப்போதும் இயற்கைக்கு எதிராகத்தான் முடியுமா?
– கே. எஸ்., தஞ்சாவூர்

1907-ல் ஒரு முறை பலிக்கவில்லை. ஆறு வடமேற்கு மாநிலங்களில் அதிபர் இனிப் புதிய வனக் காப்பு நிலம் அறிவிக்கக் கூடாது என்று செனட்டர் ஃபுல்டன் விவசாயத் துறை நிதி மசோதாவில் ஒரு வாக்கியம் சேர்த்தார். நிராகரித்தால் வனத் துறைக்கே பணம் இருக்காது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார், ஆனால் கெடு முடிகிற நாளில். அதற்கு முன் இருந்த சில நாட்களில் வனத் துறைத் தலைவர் கிஃபோர்ட் பின்ஷோவும் ஊழியர்களும் இரவு பகலாக வரைபடம் போட, 1.6 கோடி ஏக்கரைக் காப்பு நிலமாக அறிவித்துவிட்டார். அந்தக் காடுகள் இன்றும் இருக்கின்றன.

2025-ல் பொது நிலத்தை விற்கப் போவதாகச் செய்தி வந்ததே, என்ன ஆயிற்று?
– ஒரு வாசகி, கோவை

விற்கவில்லை. யூட்டா செனட்டர் மைக் லீ, அதிபரின் பெரிய வரி மசோதாவில் 20 முதல் 30 லட்சம் ஏக்கர் வரை விற்றாக வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்த்தார். 11 மேற்கு மாநிலங்கள், மொன்டானாவுக்கு மட்டும் விலக்கு. வரி மசோதாவுக்குச் செனட்டில் 60 வாக்கு தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். அந்தக் குறுக்கு வழியில் நுழைய வேண்டுமானால் பிரிவு வரவு செலவைப் பற்றியதாக இருக்க வேண்டும். இல்லை என்று செனட்டின் விதி அதிகாரி சொல்லிவிட்டார். லீ அதைச் சுருக்கி மறுபடி கொண்டுவந்தார்.

நிறுத்தியது வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும்தான் என்று நான் நினைக்கிறேன். எங்கள் பகுதியில் சூழலியல் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் ஆட்கள்கூட, அப்பா காலத்திலிருந்து மான் வேட்டைக்குப் போகும் மலை என்று சொல்லித் தங்கள் செனட்டருக்குப் போன் போட்டார்கள். ஜூன் 28-ம் தேதி லீ பிரிவைத் திரும்பப் பெற்றார். ஆனால் அலாஸ்காவின் ஆர்க்டிக் சரணாலயத்தில் எண்ணெய்க் குத்தகை விட வேண்டும் என்ற பிரிவு அதே மசோதாவில் தங்கிவிட்டது. அதற்கு முந்தைய ஏலத்தில், 2025 ஜனவரியில், ஒருவர்கூட விலை கேட்கவில்லை!

கடலில் எண்ணெய் எடுக்கும் காசில்தான் அமெரிக்கா பூங்கா வாங்குகிறதாமே? இது சரியா?
– மீனவர் சங்க உறுப்பினர் ஒருவர், நாகப்பட்டினம்

நிலம் மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிதி என்று 1964-ல் சட்டம் போட்டார்கள். பொதுச் சொத்தான ஒன்றை எடுத்து விற்கும்போது, வருமானத்தில் ஒரு பங்கு வேறொரு பொதுச் சொத்தாகத் திரும்ப வேண்டும் என்பது யோசனை. எண்ணெய் எடுப்பதே நிற்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் எடுக்கிறவரை அந்தப் பங்கு வந்தே ஆக வேண்டும்.

வருடத்துக்கு 90 கோடி டாலர் என்று கணக்கு. ஏட்டில் ஏறியதே தவிர, ஒவ்வொரு வருடமும் காங்கிரஸ் தனியாக ஒதுக்கினால்தான் கைக்கு வரும். அரை நூற்றாண்டில் சேர்ந்ததில் பாதிகூட இந்த வேலைக்குப் போகவில்லை, மிச்சம் மற்றச் செலவில் கரைந்தது. 2018 செப்டம்பரில் சட்டமே காலாவதியானது. 2019-ல் நிரந்தரமாக்கினார்கள். 2020 ஆகஸ்ட் 4-ல் கையெழுத்தான சட்டம், 90 கோடியும் யாரும் ஒதுக்காமலேயே வருடா வருடம் போய்ச் சேரும்படி செய்தது. செனட்டில் 73-க்கு 25, இரண்டு கட்சிகளும் சேர்ந்து. பெரிய காடு மட்டுமல்ல, ஊர் மைதானத்துக்கும் இதில் பங்கு உண்டு. பிள்ளைகள் பந்தாடும் எங்கள் திடலின் ஓரத்தில் இந்த நிதியின் சின்னம் போட்ட சின்னப் பலகை நிற்கிறது.

உலகின் முதல் தேசியப் பூங்கா யெல்லோஸ்டோனுக்கு முதலில் எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள்?
– எட்டாம் வகுப்பு மாணவி, சேலம்

ஒன்றுமே ஒதுக்கவில்லை, கண்ணு. 1872 மார்ச் 1-ல் சட்டம் வந்தது. முதல் கண்காணிப்பாளர் லாங்ஃபோர்டுக்குச் சம்பளம் கிடையாது. ஆட்கள் காட்டெருதுகளையும் மான்களையும் சுட்டுத் தள்ளினார்கள், வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்தை உடைத்து எடுத்துப் போனார்கள். 1886-ல் காங்கிரஸ் பணம் தர மறுத்ததும் குதிரைப் படையை அனுப்பிக் காவல் போட்டார்கள். ராணுவத்துக்கு வேறு கணக்கில் பணம் இருந்தது! 1918 வரை அந்த வீரர்கள்தான் பூங்காவைக் காத்தார்கள்.

நியூ ஜெர்சியில் இருக்கிறேன், சமீபத்தில்தான் குடியுரிமை கிடைத்தது. நான் எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகர்

வருடாந்திர நிதி மசோதாக்கள் 12. அதில் "உள்துறை, சுற்றுச்சூழல்" மசோதாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்கா, நில மேலாண்மை, வனவிலங்கு, சுற்றுச்சூழல் முகமை, வனத் துறை எல்லாம் அதில்தான். காங்கிரஸின் இணையதளத்தில் முழுதும் இருக்கும். முதலில் தொகையைப் பார்க்காதீர்கள். பின்பகுதியில் பொது விதிகள் என்று ஒரு அத்தியாயம் வரும். "இந்தச் சட்டத்தின் நிதி எதையும் இன்னதற்குப் பயன்படுத்தக் கூடாது" என்கிற மாதிரி வரும் வரிகளைத் தேடுங்கள்.

அப்படி ஒரு வரி 2014 டிசம்பரில் வந்தது. சேஜ் க்ரௌஸ் என்ற பறவையைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கும் விதியை எழுதக்கூடப் பணம் செலவழிக்கக் கூடாது என்றது. வசந்த காலத்தில் விடிவதற்கு முன்னால் புதர்க்காட்டில் போய்க் காத்திருந்தால் சேவல்கள் வாலை விசிறி, நெஞ்சில் இரண்டு மஞ்சள் பைகளை ஊதி, குமிழி வெடிப்பது போலச் சத்தம் எழுப்பி ஆடுவதைப் பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பறவைக்குப் பாதுகாப்பு தேவை என்று துறை முடிவு செய்தாலும் எழுதக் காசில்லை. அந்த ஒரு வரி பிறகும் வருடா வருடம் திரும்பி வந்தது.

மசோதா துணைக்குழுவில் இருக்கும்போதே உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். சபைக்கு வந்துவிட்டால் ஒரு வரிக்காக யாரும் முழு மசோதாவைத் தோற்கடிக்க மாட்டார்கள். பிரிவு எண்ணைச் சொல்லி, அதை நீக்க வேண்டும் என்று சொன்னால் போதும், இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஜிப் கோடை மறக்காமல் சொல்லுங்கள், தொகுதிக்காரரா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள்.