அங்காமி மருமகளுக்கு அப்பா நிலத்தில் பங்கு உண்டா?

கேள்வி: என் மருமகள் கோஹிமா பக்கத்து அங்காமி நாகா பெண். அப்பா போன வருடம் காலமானார். வயலையும் வீட்டையும் அண்ணன் தம்பிகளே எடுத்துக்கொண்டார்கள். அம்மா இருக்கிறார். 2005 சட்டப்படி சம பங்கு வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். அவர் சொல்வது 2005இல் திருத்தப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டம். உங்கள் மருமகள் வீட்டார், பெரும்பாலான நாகர்களைப் போல, கிறிஸ்தவர்களாக இருந்தால் அது அவர்களைத் தொடவே தொடாது. இந்துவாகவே இருந்தாலும் பழங்குடியினருக்கு அதில் விலக்கு உண்டு. போதாததற்கு அரசியலமைப்பின் 371ஏ இருக்கிறது: நாகர் வழக்கம், நில உரிமை பற்றிய நாடாளுமன்றச் சட்டம் எதுவும் சட்டமன்றம் தீர்மானம் போடாமல் நாகாலாந்துக்குள் நுழையாது.

2025 ஜூலையில் கோண்டு என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெண் வழி வாரிசுகளுக்குப் பங்கு கொடுத்தது. இதைக் காட்டியும் அவர் பணம் கேட்கலாம். ஆனால் பெண்ணுக்குப் பங்கு இல்லை என்ற வழக்கத்தை அந்த வழக்கில் யாராலும் நிரூபிக்க முடியவில்லை. அங்காமிகளிடம் அதை நிரூபிக்க ஊரே திரண்டு வரும். பூர்வீக நிலம் குலத்தின் ஆண் வழியில் போகும். பெற்றோர் வீடு கடைசி மகனுக்கு. கேட்டால் கிராம சபையில் 'வழக்கம்' என்பார்கள். அந்தச் சபையில் உட்கார்ந்திருப்பவர்களும் பெரும்பாலும் ஆண்கள்தான். மாநிலம் பிறந்தது 1963இல். சட்டமன்றத்துக்கு முதல் பெண்கள் போனது 2023இல். நகராட்சியில் பெண்களுக்கு 33 சதவீத இடம் என்றதற்கே 2017இல் கலவரம். இவர்கள் தீர்மானம் போடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

வழி ஒன்று இருக்கிறது: சுயசம்பாத்தியம். அப்பா சம்பளத்தில் வாங்கிய மனை, வங்கிப் பணம் இவற்றை மகளுக்குக் கொடுக்க வழக்கம் இடம் தருகிறது. அவர் வாய்மொழியாகவாவது உறவினர் முன்னால் சொல்லியிருந்தாரா என்று விசாரியுங்கள். அதைவிட முக்கியம், அம்மா பெயரில் அவரே சம்பாதித்து வாங்கியது எதுவும் உண்டா? இருந்தால் அவர் நடமாட்டமாக இருக்கும்போதே தானப் பத்திரம் பதிவு செய்யச் சொல்லுங்கள். சாட்சிக் கையெழுத்து அண்ணன் தம்பிகளுடையதும் குலப் பெரியவர் ஒருவருடையதுமாக இருக்கட்டும். வெளியாட்கள் சாட்சி போட்டால் நாளை அண்ணன் தம்பிகள் தோபாஷி நீதிமன்றத்தில் (நாகர் வழக்கப்படி தீர்ப்பு சொல்லும் நீதிமன்றம்) மல்லுக்கு நிற்பார்கள். 'ஆயுள் வரை அனுபவிக்க' என்ற வரி நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நுழைந்தால் மருமகளுக்குப் பிறகு நிலம் மறுபடி ஆண் வாரிசுகளுக்கே போய்விடும்.

பத்திரத்தில் மருமகள் பெயர் மட்டும் இருக்கட்டும். உங்கள் மகன் பெயரைச் சேர்த்தால் வெளியாருக்கு நிலம் போகிறது என்று ஊர் எழுந்து நிற்கும். அந்தத் தரகரிடம் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுத்திருந்தால் இந்த வாரமே ரத்து செய்யுங்கள்.