செல்லுக்குள் உப்பு போவதையும் வருவதையும் ஆயுள் முழுக்க ஆராய்கிறார்களே, சாதாரண ஜனங்களுக்கு அதனால் என்ன பிரயோசனம்?

இந்தக் கேள்விக்கு எல்லோரும் கையில் எடுப்பது ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைத்தான். குடல் செல்லுக்குள் சோடியமும் குளுக்கோசும் ஜோடியாகத்தான் நுழையும் என்று 1960ல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் சொன்னார். 1971ல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்கத்துப் பன்கான் முகாமில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே காலரா சாவை வெகுவாகக் குறைத்தார். கேள்விக்கு அந்தப் பதிலே போதும். ஆனால் நான் தருமபுரிக்காரி. என் பதில் என் வாய்க்குள்ளேயே இருக்கிறது.

ஊர் பென்னாகரம் பக்கம். முன்பல் நான்கிலும் குறுக்கே பழுப்புக் கோடு, மேலே சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டு. சின்ன வயதில் அம்மா சாம்பல், உப்பு, செங்கல் பொடி என்று எல்லாவற்றையும் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். ஈறில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். பெங்களூரு ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம் அறைத்தோழி ரொம்ப அக்கறையாக ஒரு புது பிரஷ் வாங்கி என் மேசைமேல் வைத்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் "சிரிக்காத, தலைய மட்டும் ஆட்டு" என்று அம்மா காதோடு சொன்னதும் உண்டு. (அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அமையாததே நல்லது.)

எங்கள் ஆயாவுக்குப் பல் மட்டுமல்ல, கழுத்தும் போய்விட்டது. பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டார், முடியாது. நின்ற இடத்தில் மொத்த உடம்பையும் திருப்பித்தான் யார் என்று பார்ப்பார். எங்கள் தெருவில் அந்த மாதிரித் திரும்புகிற கிழவிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். வயசானால் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

காரணம் ஃபுளோரைடு. எங்கள் மாவட்டம் கடினப்பாறை பூமி. பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் மாதிரியான கனிமங்களில் ஃபுளோரைடு கொஞ்சம் இருக்கும். பாறை இடுக்கில் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் அது மெல்லக் கரையும். கிணறு வற்றி போர் போட்டோம், போர் வற்றி இன்னும் ஆழமாகப் போட்டோம். ஆழம் போகப்போகப் பாறையோடு ரொம்ப நாள் ஊறிக் கிடந்த தண்ணீர்தான் மேலே வரும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. எங்கள் போர் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது.

சரி, இதில் செல் எங்கே வருகிறது?

செல்லைச் சுற்றி இருப்பது கொழுப்பாலான மெல்லிய சவ்வு. உப்பு எண்ணெயில் கரையாது. அதனால் சோடியம், பொட்டாசியம், குளோரைடு என்று மின்சுமை உள்ள எந்த அயனியும் அந்தச் சவ்வைத் தானாகத் தாண்டாது. வாசல் வேண்டும், அல்லது தூக்கிப் போடுகிற பம்ப் வேண்டும். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பை 1957ல் நண்டின் கால் நரம்பில் கண்டுபிடித்தவர் ஜென்ஸ் ஸ்கோ; 1997ல் நோபல் கிடைத்தது. நண்டுக் காலுக்கு நாற்பது வருஷம் கழித்துக் கூலி.

ஃபுளோரைடு மட்டும் இந்த ஒழுங்குக்கு அடங்காது. அமிலம் இருக்கிற இடத்தில் அது ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துப் போர்த்திக்கொள்ளும். அப்போது அதன் பெயர் ஹைட்ரஜன் ஃபுளோரைடு, மின்சுமை பூஜ்யம். மின்சுமை இல்லாததால் கொழுப்புச் சவ்வு அதைத் தடுக்காது, வாசல் கதவு எதுவும் தேவையில்லை, நேராக உள்ளே போய்விடும். நம் இரைப்பையில் இருப்பது கடும் அமிலம். குடித்த தண்ணீரிலுள்ள ஃபுளோரைடில் பெரும்பகுதி அங்கேயே போர்வையைப் போட்டுக்கொள்ளும். ரத்தத்திலும் செல்லுக்குள்ளும் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 7ஐ ஒட்டி, அதாவது அமிலம் இல்லாமல், இருப்பதால் உள்ளே போனதும் போர்வை கழன்றுவிடும். அங்கே ஆயிரத்தில் ஒன்றுகூடப் போர்வையோடு இருக்காது. திரும்பிப் போகலாம் என்றால் இப்போது மின்சுமை வந்துவிட்டது, சவ்வு விடாது. எலிப்பொறிதான்.

குழந்தைக்கு ஈறுக்குள் எனாமல் கட்டும் செல்கள் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் அளந்து அளந்து வெளியே விட்டுப் பல்லைக் கட்டுகின்றன. அந்த நேரத்தில் ஃபுளோரைடு மிகுந்தால் கட்டுமானம் கெடும், எனாமல் பொத்தலாக உருவாகும். பிறகு அந்தப் பொத்தலில் கறை ஏறிப் பழுப்பாகும். நிலைத்த முன்பற்களுக்கு இந்த வேலை முதல் நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடும். வேலை முடிந்ததும் அந்தச் செல்களும் இருக்காது. அதாவது மூன்று வயதில் நான் குடித்த தண்ணீர், ஏழு வயதில் முளைத்த பல்லில் தெரிகிறது. செங்கல் பொடி என்ன செய்யும்?

எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்துப் பெங்களூருவில் ஓர் ஆய்வகத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்தபோதுதான் இதெல்லாம் எனக்கே தெரிந்தது. முதல் நாள் ஆய்வகத் தலைவி மேடம் படிக்கச் சொல்லிக் கொடுத்த கட்டுரைகள் இரண்டு. படித்துவிட்டு அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஒன்று 2012ல் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கர் குழு வெளியிட்டது. மரபணுச் செய்தியைச் சுமக்கும் இழையான ஆர்.என்.ஏ.விலேயே, பாக்டீரியாவுக்குள், ஃபுளோரைடை உணரும் சுவிட்ச் ஒன்று இருக்கிறதாம். ஆர்.என்.ஏ.வுக்கு எதிர்மின்சுமை, ஃபுளோரைடுக்கும் எதிர்மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளத்தானே வேண்டும்? அதே ஆண்டு வந்த படிக அமைப்பு அதை விளக்கியது. நடுவில் மூன்று மக்னீசியம் அயனிகள் நின்றுகொண்டு ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்கின்றன, ஆர்.என்.ஏ. அந்த மக்னீசியங்களைப் பிடித்துக்கொள்கிறது. பேச்சுவார்த்தையில்லாத இரண்டு பங்காளிகளுக்கு நடுவில் மாமன் மூன்று பேர் உட்கார்ந்த மாதிரி. ஃபுளோரைடு வந்து ஒட்டியதும் சுவிட்ச் விழும், அதை வெளியேற்றும் புரதத்துக்கான மரபணு வேலையைத் தொடங்கும்.

இரண்டாவது, அந்தப் புரதத்தைப் பற்றியது. பெயர் ஃபுளூக். 2013ல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் மில்லர் ஆய்வகத்தில் ராண்டி ஸ்டாக்பிரிட்ஜ் முதலானோர் அது ஃபுளோரைடுக்கென்றே உள்ள வாசல் என்று காட்டினார்கள். குளோரைடைவிட ஃபுளோரைடை 10,000 மடங்குக்கும் மேல் தேர்ந்தெடுத்து விடுமாம். அவ்வளவு கறார் ஏன் வேண்டும் என்றால், குளோரைடு எங்கும் நிறைந்து கிடக்கிறது. அதுவும் இந்த வாசலில் ஒழுகினால் சவ்வின் மின்னழுத்தமே சரிந்து பாக்டீரியா செத்துப்போகும். புரதம் இருக்கும் விதமும் விசித்திரம்தான். ஒரே மாதிரியான இரண்டு துண்டுகள், ஒன்று நிமிர்ந்து, இன்னொன்று தலைகீழாக. கடையில் செருப்பு ஜோடியைப் பெட்டிக்குள் வைப்பார்களே, அப்படி.

இதை அளப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், என் ஒன்றரை வருஷம் அதில்தான் போனது. கொழுப்பைத் தண்ணீரில் கலக்கி, நுண்துளை வடிகட்டி வழியாக அழுத்தித் தள்ளினால் குட்டிக்குட்டிக் குமிழ்கள் கிடைக்கும். உள்ளே பொட்டாசியம் ஃபுளோரைடு, சவ்வில் நம் புரதம். பீக்கரில் ஃபுளோரைடு இல்லாத கரைசல், அதற்குள் ஃபுளோரைடை அளக்கும் எலக்ட்ரோடு. குமிழ்களைப் பீக்கரில் விட்டால் திரையில் கோடு படுத்தே கிடக்கும். வாசல் திறந்துதானே இருக்கிறது, ஏன் வரவில்லை? ஃபுளோரைடு மட்டும் வெளியே வந்தால் உள்ளே பொட்டாசியத்தின் நேர்மின்சுமை மிஞ்சி, அடுத்து வருவதைப் பிடித்து இழுக்கும். பொட்டாசியத்துக்கும் வழிவிட வேண்டும். அதற்கு வாலினோமைசின் என்ற மருந்தில் ஒரு சொட்டு. விட்ட நொடியில் கோடு செங்குத்தாக ஏறும். கடைசியில் சோப்பு மாதிரி ஒரு டிடெர்ஜென்ட் ஊற்றினால் எல்லாக் குமிழும் உடைந்து மிச்சமும் வெளியே வரும். மொத்தம் இருந்தது எவ்வளவு, வாசல் வழியாக வந்தது எவ்வளவு என்று கணக்குப் போடலாம்.

எனக்கு முதல் மூன்று வாரம் கோடு ஏறவே இல்லை. புரதம் கெட்டுவிட்டது என்று நான்கு முறை புதிதாகத் தயாரித்தேன். கடைசியில் பார்த்தால் வாலினோமைசின் குப்பி காலாவதி. அன்று அழுதேன் என்பதை இங்கே எழுதுவதில் வெட்கமில்லை.

அந்த எலக்ட்ரோடின் நுனியில் இருப்பது லாந்தனம் ஃபுளோரைடு படிகம். ஃபுளோரைடு அயனிக்கு மட்டும் அது அசையும். அடுத்த முறை ஊருக்குப் போனபோது எங்கள் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து அதே எலக்ட்ரோடை முக்கிப் பார்த்தேன். அளக்கும் முன் பி.எச். ஐந்தரையை ஒட்டி நிறுத்தும் பஃபர் ஊற்ற வேண்டும். அமிலம் கூடினால் ஃபுளோரைடு போர்வையைப் போட்டுக்கொள்ளும், போர்த்தியதை எலக்ட்ரோடு பார்க்காது. பாடத்தில் படித்த அதே போர்வை. எண் அனுமதித்த உச்ச அளவைப்போல இரண்டு மடங்கைத் தாண்டி நின்றது. மேடம் எட்டிப் பார்த்தார், என் பல்லையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பொங்கலுக்குப் போனபோது ஆயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பூச்சிக்கிருமிக்குள்ளே ஃபுளோரைடை வெளியே விட ஒரு வாசல் இருக்கு ஆயா, மனுஷ உடம்பில் அந்த வாசலைக் காணோம் என்றேன். களியை உருட்டிக்கொண்டே கேட்டார்: "கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குக் குடுத்த சாமி எனக்குக் குடுக்க மறந்துட்டுதா?" நமக்குச் சிறுநீரகமும் எலும்பும்தான் வழி. உடம்பில் தங்கும் ஃபுளோரைடில் ஏறக்குறைய 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான். ஆயாவின் கழுத்து அந்தக் கிடங்குகளில் ஒன்று.

சிறுநீரகத்திலும் அதே கதைதான். சிறுநீர் அமிலமாக இருந்தால் ஃபுளோரைடு போர்த்திக்கொண்டு மறுபடி ரத்தத்துக்கே திரும்பும். காரமாக இருந்தால் வெளியே போகும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளிப் பையன்களுக்குப் புளி சேர்த்த சாப்பாடு கொடுத்துப் பார்த்து, சிறுநீரில் வெளியேறும் ஃபுளோரைடு கூடியதாக 2002ல் எழுதினார்கள். ரோட்டோரமெல்லாம் புளியமரம் நிற்கும் மாவட்டத்துக்குக் கேட்க இனிப்பான சேதி. அதற்காகப் புளியைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போர் தண்ணீரையே தொடரலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சுண்ணாம்புச்சத்துள்ள சாப்பாடு வயிற்றுக்குள் ஃபுளோரைடைக் கொஞ்சம் கட்டிப்போடும், கேழ்வரகில் அது நிறையவே உண்டு. ஆனால் நாங்கள் களி கிண்டுவதும் அதே தண்ணீரில்தான்.

நேர்மையாகச் சொன்னால், எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பல்லைக் காப்பாற்றியது ஃபுளூக் ஆராய்ச்சி இல்லை, குழாய். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாய்த் திட்டம், 2013ல் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் தொடங்கிவைக்கப்பட்டது. பஸ் ஏறினால் எட்டும் தூரத்தில் காவிரி விழுந்துகொண்டிருக்க, நாங்கள் பாறைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம் என்பதை இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வரும். அக்கா பையன் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவன். பல்லெல்லாம் மோர் மாதிரி வெள்ளை. விளக்குவதென்னவோ நான் விளக்கியதில் பாதிகூடக் கிடையாது.

ஆராய்ச்சியால் எனக்குக் கிடைத்தது வேறு. அம்மா முப்பது வருஷமாகத் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தார், பிள்ளைக்குப் பல் விளக்கச் சரியாகச் சொல்லித்தரவில்லை என்று. போர்வைக் கதையை அவருக்கு வரைந்தே காட்டினேன். காகிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: குழாய்த் தண்ணீர் வராத நாளில் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பிப் போர் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கிருமி சாகும், ஃபுளோரைடு சாகாது. தண்ணீர் ஆவியாகி அடர்த்திதான் கூடும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோங்கள். கண்ணாடி வேண்டாம்.