கேள்வி-பதில்: பயாஸுக்குள் தொலைந்த விலாசங்கள்

கேள்வி: கியூஎமுவில் (ஒரு கணினியையே மென்பொருளாக நடித்துக் காட்டும் எமுலேட்டர்) ஓட்டிப் பார்க்கச் சின்னதாக ஒரு பயாஸ் (கணினியைத் துவக்கும் முதல் மென்பொருள்) எழுதுகிறேன். விர்ட்டியோ (மெய்நிகர் மெஷின்களுக்கென்றே உள்ள சாதன முறை) டிஸ்க்குக்கு டிரைவரும் எழுதியாயிற்று. துவக்கத்தில், 32 பிட்டில் இருக்கும்போது, முதல் செக்டரை ஒழுங்காகப் படிக்கிறது. பூட் லோடர், டிஸ்க் படிக்கும் பயாஸ் அழைப்பான இன்டர்ரப்ட் 13 (ஹெக்ஸ்) வழியாக 16 பிட்டில் கேட்டால் மட்டும் 'வேலை முடிந்தது' என்று ரிங் (டிரைவரும் சாதனமும் பகிரும் கோரிக்கை வரிசை) சொல்கிறது, ஆனால் முடிவைக் காட்டும் ஸ்டேட்டஸ் பைட் மாறுவதில்லை. கொஞ்ச நேரத்தில் மெஷினே உறைந்துவிடுகிறது. ஒரே கோட்தானே, ஏன் இப்படி?
(ஒரு மாணவி, கோவை)

பதில்: ஸ்டேட்டஸ் பைட் மாறியிருக்கிறது, நீங்கள் பார்க்கிற இடத்தில் மாறவில்லை, அவ்வளவுதான்.

பழைய 16 பிட் முறையான ரியல் மோடில் ஒரு பாயின்ட்டர் என்பது வெறும் ஆஃப்செட், அதாவது செக்மென்ட் என்ற நினைவகத் துண்டின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற எண். 1978இல் வந்த 8086 காலத்திலிருந்தே கணக்கு இதுதான்: செக்மென்ட்டை 16ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால்தான் உண்மையான விலாசம். இந்தக் கூட்டலைச் செய்வது பிராசஸர். விர்ட்டியோ சாதனத்துக்கு உங்கள் செக்மென்ட் ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறது என்றே தெரியாது, டிஸ்கிரிப்டரில் (பஃபர் எங்கே என்று சாதனத்துக்குச் சொல்லும் குறிப்பு) நீங்கள் எழுதிய 64 பிட் எண்ணை அப்படியே கெஸ்ட்டின் (கியூஎமுவுக்குள் ஓடும் மெஷின்) பௌதிக விலாசமாக எடுத்துக்கொள்ளும். தெருப் பெயரை விட்டுவிட்டுக் கதவு எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால் தபால் எங்கே போகும்? அந்தக் கதைதான்.

உதாரணத்துக்கு (இங்கே விலாசங்கள் எல்லாம் ஹெக்ஸ், அதாவது பதினாறடி எண்கள்), ஸ்டாக் செக்மென்ட் 9000, அதில் 60ஆவது ஆஃப்செட்டில் 16 பைட் கோரிக்கைத் தலைப்பு, அதை ஒட்டி 70இல் ஸ்டேட்டஸ் பைட் என்று வைத்துக்கொள்வோம். சாதனத்துக்குப் போயிருக்க வேண்டியவை 90060, 90070. போனதோ வெறும் 60, 70. நினைவகத்தின் முதல் 1024 பைட்டில் இருப்பது இன்டர்ரப்ட் வெக்டர் அட்டவணை (எந்த இன்டர்ரப்ட்டுக்கு எந்தக் கோட் என்ற விலாசப் பட்டியல்), ஆகவே சாதனம் அங்கே கிடந்ததைத் தலைப்பு என்று நம்பிப் படித்து, 'இந்தக் கோரிக்கை எனக்குப் புரியவில்லை' என்பதற்கான 2 என்ற எண்ணை 70இல் எழுதிவிட்டு ரிங்கை நகர்த்திவிடும். அந்த 70இல் இருப்பது, டைமர் நொடிக்குச் சுமார் 18 முறை அழைக்கிற வெக்டர். அது கெட்டால் அடுத்த துடிப்பிலேயே கட்டுப்பாடு எங்கோ போய்விடும். உங்கள் மெஷினில் எண்கள் வேறாக இருக்கலாம், உறைவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வகைதான்.

32 பிட்டில் ஏன் ஓடியது என்றால் அங்கே செக்மென்ட் அடி எல்லாம் பூஜ்யம், பாயின்ட்டரும் பௌதிக விலாசமும் ஒன்றே. வேலை செய்கிற அந்தப் பாதிதான் ஆளை ஏமாற்றும்.

பார்ப்பது எப்படி? ஸ்டேட்டஸ் பைட்டில் முன்கூட்டியே ஹெக்ஸ் 99 போல யாரும் எழுதாத மதிப்பை வையுங்கள். கோரிக்கை போனதும் கியூஎமு மானிட்டரில் 'எக்ஸ்பி' கட்டளையால் டிஸ்கிரிப்டரைப் பாருங்கள். அது பௌதிக விலாசத்தையே படிக்கும், அதாவது சாதனம் பார்க்கிற அதே நினைவகம். சும்மா 'எக்ஸ்' என்று கொடுத்தால் பிராசஸர் கண்ணால் பார்ப்பது, இந்த இடத்தில் அது போதாது. பிளாக் சாதனத்தின் ட்ரேஸையும் ஆன் செய்தால் எந்த செக்டரைக் கேட்டீர்கள் என்று சாதனம் தரப்பிலிருந்தே தெரியும். நிஜ ஹார்டுவேரில் இந்தச் சொகுசு கிடையாது.

திருத்த இரண்டு வழி. ஒன்று, ஸ்டாக் செக்மென்ட்டைக் கூட்டித் தட்டையான விலாசமாக்கி டிஸ்கிரிப்டரில் எழுதுவது. இன்னொன்று, கியூஎமுவோடு வரும் திறமூல பயாஸான இப்போதைய சீபயாஸ் செய்வதுபோல, டிஸ்க் கோரிக்கை வந்ததும் 32 பிட்டுக்குத் தாவி விர்ட்டியோ வேலையை அங்கேயே முடித்துவிட்டுத் திரும்புவது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதல் வழியில் ஒவ்வொரு பாயின்ட்டருக்கும் நினைவு வைத்துக்கொண்டு கூட்ட வேண்டும், யாராவது ஒரு நாள் மறப்பார்கள்.

அழைத்தவர் தந்த பஃபரையும் சரிபாருங்கள். இன்டர்ரப்ட் 13இன் 42ஆம் எண் (ஹெக்ஸ்) நீட்டித்த படிப்பில் ஆஃப்செட்டும் செக்மென்ட்டும் இரண்டிரண்டு பைட்டாக அடுத்தடுத்து வரும். அதை ஒரே 32 பிட் எண்ணாக வாரிக்கொண்டால் 9000:0200 என்பது 90200 ஆகாமல் 90000200 ஆகிவிடும். 1 ஜிபி கெஸ்ட்டில் அந்த இடத்தில் ராமே இல்லை.

கேள்வி: ஜிடிபி டீபக்கரை இணைத்தால் 16 பிட் பகுதியில் சம்பந்தமே இல்லாத இன்ஸ்ட்ரக்‌ஷன்களைக் காட்டுகிறது. கியூஎமுவில் பிழையா?
(ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: பிழை இல்லை, அதே செக்மென்ட் தகராறு. ஜிடிபி இன்ஸ்ட்ரக்‌ஷன் பாயின்ட்டரை மட்டும் பார்க்கிறது, கோட் செக்மென்ட்டைக் கூட்டுவதில்லை. ஆர்க்கிடெக்சரை ஐ8086 என்று மாற்றிவிட்டு, செக்மென்ட்டை 16ஆல் பெருக்கிக் கூட்டிய விலாசத்தில் டிஸ்அசெம்பிள் செய்யுங்கள். பிரேக்பாயின்ட்டும் அந்தக் கூட்டிய விலாசத்தில்தான் வைக்க வேண்டும். சீபயாஸாக இருந்தால் ஹெக்ஸ் 402 போர்ட்டில் கொட்டுகிற டீபக் செய்திகளைக் கியூஎமு வழியாக எடுத்துப் படித்தாலே பாதி நேரம் ஜிடிபி தேவைப்படாது.

கேள்வி: துவக்கத்தில் ஒரு குளோபல் மாறியில் டிஸ்க்கின் போர்ட் எண்ணை எழுதி வைக்கிறேன். இன்டர்ரப்ட் 13க்குள் அதே மாறியைப் படித்தால் குப்பை. யார் அழிக்கிறார்கள்?
(அதே ஓசூர் வாசகர், விடமாட்டார் போல)

பதில்: யாரும் அழிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், இடம் மாறிப் படிக்கிறீர்கள். ஜிசிசி கம்பைலர், டேட்டா செக்மென்ட்டும் ஸ்டாக் செக்மென்ட்டும் ஒன்று என்று நம்பி கோட் எழுதித் தரும். அதற்காக 16 பிட் நுழைவில் இரண்டையும் ஸ்டாக்குக்கே திருப்பிவிடுவது வழக்கம். அப்புறம் குளோபல் மாறியை நேராகப் படித்தால் ஸ்டாக் பக்கத்திலிருந்து ஏதோ வரும். கோட் செக்மென்ட் வழியாகப் படிக்க வேண்டும், சீபயாஸில் இதற்கென்றே மேக்ரோ வைத்திருக்கிறார்கள்.

எழுதுவதிலும் ஒரு பொறி உண்டு. துவக்கம் முடிந்ததும் எஃப் செக்மென்ட்டுக்கு (பயாஸ் குடியிருக்கும் ஹெக்ஸ் F0000 பகுதி) எழுத்துப் பூட்டு விழும், கியூஎமு நடித்துக் காட்டுகிற 440எஃப்எக்ஸ் சிப்செட்டில் அதற்கான ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. பூட்டிய பிறகு எழுதினால் எந்தப் புகாரும் வராது, மதிப்பு மட்டும் மாறாது. பின்னால் மாறக்கூடிய எதையும் எழுதக்கூடிய தாழ்நினைவகத்தில் வையுங்கள்.

கேள்வி: பயாஸுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ வந்துவிட்டதே, இன்னும் இதெல்லாம் தேவையா?
(ஒரு வாசகி, பெங்களூரு)

பதில்: செக்மென்ட் தொல்லை போய்விட்டது, விலாசத் தொல்லை போகவில்லை. சாட்டா டிஸ்க்குக்கான ஏஹெச்சிஐ டிரைவரில் பஃபர் விலாசத்தின் மேல் 32 பிட்டை எழுத மறந்தால், 2 ஜிபி கெஸ்ட்டில் எல்லாம் நன்றாக ஓடும், 8 ஜிபி கொடுத்துப் பஃபர் 4 ஜிபிக்கு மேலே அமைந்தால் டேட்டா கீழே வேறெங்கோ போய் விழும். ஏஎம்டியின் எஸ்இவி கெஸ்ட்டில் இன்னும் மோசம், நினைவகமே மறையாக்கத்தில் இருப்பதால் பகிர்ந்த பக்கத்தில் வைக்காத எதையும் கியூஎமுவால் படிக்க முடியாது. அதனால் ஓவிஎம்எஃப்பில் (கியூஎமுவுக்கான யுஇஎஃப்ஐ) மேப் செய்கிற ஃபங்ஷன் திருப்பித் தரும் சாதன விலாசத்தைத்தான் டிஸ்கிரிப்டரில் எழுத வேண்டும், உங்கள் பாயின்ட்டரை அல்ல. சாதாரண கெஸ்ட்டில் பெரும்பாலும் இரண்டும் ஒரே எண்ணாக இருப்பதால் தப்பு வெளியே தெரியாது, ஆகவே ஒரு எஸ்இவி மெஷினிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பேட்சை அனுப்புங்கள்.