கொலையாளியை மன்னிக்கச் சொல்லும் கிறிஸ்தவர், தூக்குத் தண்டனையை ஆதரிக்கலாமா?

ஆதரிக்கிறவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் தமிழ்ச் சபைகளிலும் உண்டு. ரோமர் 13ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள்: அதிகாரி பட்டயத்தை (வாளை) விருதாவாய் (வீணாக) பிடித்திருக்கவில்லை. எதிர்ப்பவர்களுக்கு யோவான் 8: விபசாரத்தில் பிடிபட்ட பெண்மீது கல்லெறிய வந்தவர்களை இயேசு கலைந்துபோக வைத்தார். கத்தோலிக்கத் திருச்சபை 2018இல் தன் மறைக்கல்வி நூலைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தகாதது என்றது.

ஆனால் மன்னிப்பதும் தண்டனையை விலக்குவதும் ஒன்றல்ல. இதைத் தென்னாப்பிரிக்காவைவிடத் தெளிவாகக் காட்டிய நாடு இல்லை என்பேன். கொலைக்கான மரண தண்டனையை அரசியலமைப்பு நீதிமன்றம் 1995 ஜூன் 6 அன்று ரத்து செய்தது. அடுத்த ஆண்டே, பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை ஆராய அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் மக்களின் சாட்சியங்களைக் கேட்கத் தொடங்கியது. அரசியல் நோக்கத்தோடு குற்றம் செய்தவர் முழு உண்மையையும் சொன்னால் பொதுமன்னிப்பு. வருந்த வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை! 1977இல் காவலில் இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தார் இதை எதிர்த்து வழக்காடித் தோற்றார்கள். அவர்கள் கேட்டது பழி அல்ல, நீதிமன்ற விசாரணை. அவர்கள் பக்கமே என் மனம் நிற்கிறது. மன்னிக்கும் உரிமை, உறவைப் பறிகொடுத்தவர்களுடையது. அதை அவர்கள் சார்பில் அரசு எடுத்துக்கொள்ள முடியாது. பிகோவின் மரணத்தில் தொடர்புடைய காவலர்களுக்கு 1999இல் பொதுமன்னிப்பு மறுக்கப்பட்டது. ஆனாலும் அவர்கள்மீது வழக்குத் தொடரப்படவில்லை.